ஒரே அறை

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் பொறியியல் முதலாண்டு மாணவன். கோடிங் கிளப் நண்பர்களோடு இருந்தால்தான் நல்ல பிளேஸ்மென்ட் கிடைக்கும் என்கிறார்கள் சீனியர்கள். என் அறைத்தோழன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்தவன். நல்லவன்தான், ஆனால் அவனோடு சுற்றினால் என் ஆங்கிலம் வளராது என்பதால் விலகத் தொடங்கியிருக்கிறேன். என்.எஸ்.எஸ். சேர்வதும் நேர விரயமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கோடிங் கிளப்பில் சேருங்கள். என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டுகளில் கேட்பது 240 மணி நேரம். அதையும் விட வேண்டாம். ஆனால் ‘விலகத் தொடங்கியிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

தமிழ்வழி ஒட்டுவாரொட்டி நோயல்ல. பக்கத்துக் கட்டிலில் ஒருவன் தமிழில் பேசுவதால் உங்கள் ஆங்கிலம் தேயாது. நீங்கள் வாசிக்காமலும் எழுதாமலும் இருந்தால்தான் தேயும். அந்தச் சோம்பலுக்கு அவனைப் பொறுப்பாக்குவது அநியாயம். வேலைக் கணக்காகப் பார்த்தாலும் நீங்கள் நினைப்பது பிழை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் அருகே வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் 16.7 விழுக்காட்டினரே அந்த நபரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள்; மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்தித்தவர்கள். எப்போதும் கூடவே இருப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அதற்காக, அறைத்தோழனும் ஒருநாள் பயன்படுவான் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

1994-இல் விடுதியில் என் அறைத்தோழர் தருமபுரிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வகுப்பில் ‘இன்டெக்ரேஷன்’ என்ற சொல் கேட்டுத் திகைத்து உட்கார்ந்திருந்தவர், அது தான் பள்ளியில் படித்த தொகையிடல்தான் என்று நான் சொன்ன இரவிலேயே பயிற்சிக் கணக்குகள் அத்தனையையும் போட்டுமுடித்து, எனக்கும் சொல்லித்தரத் தொடங்கினார். நானோ உணவுக்கூடத்தில் ஆங்கிலம் பேசும் நகரத்து மாணவர்களோடுதான் உட்காருவேன். ஒருநாள் அவர் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். இவர் யார் என்று ஒருவன் கேட்டபோது, நண்பர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘ஒரே அறை’ என்றேன்.

அதன் பிறகும் அவர் இரவில் கணக்குச் சொல்லித்தருவதை நிறுத்தவில்லை. நான் உணவுக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துத் திரும்பியிருப்பார், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு நான்கு ஆண்டுகளிலும் வரவில்லை.

இன்றிரவு எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறான் என்று உங்கள் அறைத்தோழனிடம் கேளுங்கள். அவனோடு போய், அவன் பக்கத்தில் உட்காருங்கள்.