பென்சில் தேதிகள்

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா இறந்து பத்து மாதம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்குச் சின்னதாக ஒரு மலர் போடலாம் என்கிறான் அண்ணன். அதில் அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் நான் எழுத வேண்டுமாம். வீட்டில் எழுத வருபவள் நான் ஒருத்திதான். மூன்று முறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன், ஓடவில்லை. அடக்க ஆராதனையில் எல்லோரும் "ஜெப வீராங்கனை" என்றார்கள். பொய் இல்லை. ஆனால் அதே வார்த்தையை நான் எழுதினால் அம்மாவின் முகம் வரமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. யார்மீதும் கோபமில்லை. நம்பிக்கை எப்போது போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதை அம்மாவிடம் சொல்லும் துணிச்சல் கடைசிவரை வரவில்லை. ஞாயிறு சாயங்காலம் தவறாமல் போன் செய்வாள். "ஆராதனைக்குப் போனியா? எந்த வசனத்துல பிரசங்கம்?" என்பாள். அவள் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே வேதாகமத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ஒரு வசனத்தை எடுத்து வைத்திருப்பேன். ஒருமுறை, பழைய ஏற்பாட்டில் அதிகம் பேர் திறக்காத ஆகாய் என்ற சின்னப் புத்தகத்திலிருந்து ஒன்றைச் சொன்னேன். "ஆகாயிலயா! அதுல பிரசங்கம் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்று அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

அவளுடைய வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம்தான் புரட்டினேன். நான் சொன்ன வசனங்களின் ஓரத்தில் பென்சிலால் தேதியும் என் பெயரின் முதல் எழுத்தும் எழுதியிருக்கிறாள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். ஆகாயிலும் இருக்கிறது.

அவளுக்குத் தெரிந்திருந்ததா ஐயா? நம்பாத நான் அவள் விசுவாசத்தைப் பற்றி எழுதலாமா? எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடாதா?

அன்புடன்,
ஒரு வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை. என் அம்மாவின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் போய் பத்தொன்பது வருடம் ஆகிறது.

அது ஒரு ஜெபக் குறிப்பு நோட்டு. உள்ளே முழுக்கப் பெயர்கள். நோயாளிகள், வேலை இல்லாதவர்கள், குடிக்கிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள். எங்கள் குடும்பத்தை ஏமாற்றி, வருடக்கணக்கில் கடனில் தள்ளிய ஒருவரின் பெயரும் அதில் இருந்தது. யாராவது இறந்துபோனால் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போடுவாள். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. கோடு போட்ட கையோடு அதன் கீழே அவர்களுடைய பிள்ளைகளின் பெயரை எழுதிவிடுவாள். அதனால் நோட்டு குறையவே இல்லை, வளர்ந்துகொண்டே போனது. விடியுமுன் எழுந்து அதை மடியில் வைத்துக்கொள்வாள். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். வேதாகமத்தில், பிள்ளை வரம் கேட்டு தேவாலயத்தில் ஜெபித்த அன்னாள் என்ற பெண்ணைப் பார்த்து, உதடு மட்டும் அசைகிறதே என்று, குடித்திருக்கிறாள் போலும் என்று நினைத்துவிட்டார் ஆசாரியனான ஏலி. சின்ன வயதில் நான் நினைத்தது வேறு. யாரோ அவளிடம் கணக்குக் கேட்கிறார்கள், அவள் ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பேன்.

ஜெப வீராங்கனை என்ற சொல்லில் அந்த நோட்டு இல்லை. உங்களுக்கு முகம் வராததற்குக் காரணம் அதுதான். ஆயிரம் பேருக்குப் பொருந்தும் சொல்லில் ஒருத்தியின் முகம் எப்படி வரும்? உங்கள் அம்மா தேதி போட்டார், பென்சிலால் போட்டார், பக்கத்தில் உங்கள் எழுத்தைப் போட்டார். இப்படி ஒருவர்தான் இருந்திருக்க முடியும்.

நம்பாதவள் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். சபையில் "சாட்சி சொல்வது" என்பதை வேறு பொருளில் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். நீதிமன்றத்துச் சாட்சியை நினைத்துப் பாருங்கள். அவரிடம் கேட்பது நீ என்ன பார்த்தாய், என்ன கேட்டாய் என்பதுதான். நீ என்ன நம்புகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் அம்மாவின் விசுவாசத்தை உங்கள் அளவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? "தேவன் அவர் ஜெபத்தைக் கேட்டார்" என்று எழுத உங்களால் முடியாது என்றால் எழுதாதீர்கள். "அம்மா தினமும் ஜெபித்தார்" என்று எழுத என்ன தடை? அது நீங்கள் கண்ணால் கண்டது.

தாயைப் பற்றி எழுதிய கிறிஸ்தவர்களில் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறவர், பழைய ரோமப் பேரரசுக் காலத்து வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன். அவர் தாய் மோனிக்கா 387ல், ஐம்பத்தாறாவது வயதில், ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் படுத்து ஒன்பதாம் நாள் இறந்தார். மகனுக்கு அப்போது முப்பத்து மூன்று. தன் பாவங்களைக் கடவுளிடம் அறிக்கையிடுவதுபோல் எழுதிய பெரிய நூலில் அவர் தாயைப் பற்றி எழுதியது பத்து வருடம் கழித்துத்தான். நீங்கள் பத்து மாதத்தில் எழுத வரவில்லை என்று வருந்துகிறீர்கள்.

அவரும் தாயிடம் பொய் சொன்னவர்தான். வட ஆப்பிரிக்கக் கடற்கரை நகரமான கார்த்தேஜிலிருந்து ரோமுக்குப் போக அவர் முடிவு செய்தபோது, போகாதே, போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று கடற்கரை வரை வந்து பிடித்துக்கொண்டார் மோனிக்கா. ஒரு நண்பனை வழியனுப்பக் காற்றுக்காகக் காத்திருக்கிறோம் என்று மகன் சொன்னார். தாய் அந்த இரவைப் பக்கத்தில் இருந்த, விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஒரு இரத்தசாட்சியின் நினைவிடத்தில் ஜெபத்தில் கழித்தார். அதே இரவில் மகன் கப்பலேறிவிட்டார். விடிந்து வந்து பார்த்தால் கரையில் யாரும் இல்லை. இதை அகுஸ்தீன் மறைக்கவில்லை. "பொய் சொன்னேன், அதுவும் அப்படிப்பட்ட ஒரு தாயிடம்" என்று எழுதி வைத்தார். பின்னாலேயே கடல் கடந்து அவரைத் தேடி வந்துவிட்டார் மோனிக்கா, அது வேறு கதை.

தாயின் குறையையும் அவர் விடவில்லை. சிறுமியாக இருந்தபோது மோனிக்கா, திராட்சரசம் மொண்டுவர அனுப்பினால் வழியில் ஒரு வாய் குடிப்பாராம். ஒரு வாய் ஒரு கோப்பையானது. வேலைக்காரி ஒருநாள் சண்டையில் "குடிகாரி" என்று திட்டிவிட, அன்றோடு நின்றது. உலகம் முழுக்கப் புனிதவதி என்று வணங்கும் பெண்ணைப் பற்றி இது நமக்குத் தெரிகிறது என்றால், சொன்னது அவர் பெற்ற மகன்.

என் அம்மாவுக்கும் குறை இருந்தது. அவள் தங்கையின் மகள் வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டபோது அம்மா போகவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பெண் எங்கள் வீட்டு மடியில் வளர்ந்தவள். அன்றிலிருந்து அவள் பெயர் நோட்டின் முதல் வரிக்கு வந்தது. நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கும்போதெல்லாம் அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதினாள். வாய் திறந்து மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம் என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டால் நான் வேறு யாரையோ பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதியதில்லை.

என் தம்பி இருபத்திரண்டு வயதில் இறந்தான். ஆறுதல் சொல்ல வந்த போதகர், நல்ல மனிதர்தான், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஆரம்பித்தார். அம்மா நிமிர்ந்து பார்த்து, "அதை யோபு தன் வாயால சொன்னான் ஐயா. யாரும் வந்து அவனுக்குச் சொல்லல" என்றாள். வேதாகமத்தில் தன் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன் யோபு. அவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்று அவர் செய்ததிலேயே பெரிய உதவி அதுதான்.

அதன்பிறகு பல மாதம் அம்மா பாடவில்லை. வேதாகமத்தில் 88ஆம் சங்கீதத்தை மட்டும் வாசிப்பாள். சங்கீதங்களில் புலம்பல் நிறைய உண்டு, ஆனால் அநேகமாக எல்லாமே முடிவதற்குள் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. இருளிலேயே முடிந்துவிடும். இதையே ஏன் வாசிக்கிறாய் என்று கேட்டேன். "இதுவும் வேதத்துலதானே இருக்கு" என்றாள்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று. நம்மில் பலர் வீட்டில் வாசித்த தமிழ் வேதாகமத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அதே நூற்றாண்டில் இன்னொரு ஜெர்மன் மிஷனரியான பப்ரிசியஸ் மறுபடி மொழிபெயர்த்தார். பல சபைகள் சேர்ந்து கொண்டுவந்து 1871ல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்புதான் நம் காதில் தங்கிவிட்டது. தேவரீர், கிருபை, ஒத்தாசை எல்லாம் அந்த வழியில் வந்தவை. அம்மா எங்களைத் திட்டுவது வீட்டுத் தமிழில், கடவுளிடம் பேசுவது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில். "தேவரீர், இந்தப் பிள்ளைகளைக் கண்ணோக்கிப் பார்த்தருளும்" என்பாள். தம்பி போனபிறகு ஒரு விடியற்காலையில் நான் விழித்துக்கொண்டேன். முதல்முறையாக அவள் ஜெபத்தில் சத்தம் கேட்டது. "ஏம்ப்பா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேவரீர் இல்லை, நீர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கேட்பதுபோல் இருந்தது.

அவள் விசுவாசம் உடைந்துவிட்டது என்று அன்று பயந்தேன். இல்லாத ஒருவரிடம் யாரும் அப்படிச் சண்டை போட மாட்டார்கள் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. இன்று எனக்கு ஏதாவது விசுவாசம் இருக்கிறது என்றால், அது அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. அவள் நன்றாக இருந்த நாட்களில் பாடிய பாட்டுகளிலிருந்து வரவில்லை. இதை உங்களைத் திரும்பக் கூப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் அம்மாவும் எப்போதாவது இப்படித் தமிழ் மாறிப் பேசியிருந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். மலரின் நடைக்காகத் திருத்திவிடாதீர்கள்.

சரி, அவருக்குத் தெரிந்திருந்ததா? இதற்கு நான் என்ன பதில் சொன்னாலும் அது உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வதாகவே இருக்கும். தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவாக இருக்கிறது. போனை வைத்தபிறகு அவர் எழுந்துபோய் அந்தப் பக்கத்தைத் திறந்தார். நீங்கள் சொன்ன வசனத்தைத் தேடி வாசித்தார். பென்சிலை எடுத்தார். நீங்கள் பிரசங்கம் கேட்டீர்களோ இல்லையோ, அந்த ஞாயிறு இரவுகளில் நீங்கள் தேர்ந்தெடுத்த வசனத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார். நீங்கள் பொய் சொன்னீர்கள், அது உண்மை. அவருக்கு வாசிக்க வசனம் கொடுத்தவரும் நீங்கள்தான், அதுவும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்க முயற்சி செய்யாதீர்கள், முடியாது.

அந்தப் பொய்யை மலரில் போட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். அது உங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது, சபை முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆனால் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். அகுஸ்தீன் தாயின் அடக்கத்தில் அழவில்லை. அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டார். குளித்தால் துக்கம் போகும் என்று கேள்விப்பட்டுப் போய்க் குளித்தும் பார்த்தார், போகவில்லை. தூங்கி எழுந்து, தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆயர் அம்புரோஸ் எழுதிய ஒரு மாலைப் பாட்டு நினைவுக்கு வந்த பிறகுதான் படுக்கையில் தனியாக அழுதார். எனக்கு உங்கள் கடிதத்தில் அழுகையே தெரியவில்லை, கேள்விதான் தெரிகிறது. அதனால் சொல்கிறேன்.

மலருக்கு என்ன எழுதுவது? வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை மெதுவாகப் புரட்டுங்கள். தேதி போட்ட வசனங்களை வரிசையாக ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். உங்கள் எழுத்து இல்லாத தேதிகளும் இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணனுடையவை இருக்கலாம், அம்மாவின் சொந்தத் துக்கங்களின் தேதிகள் இருக்கலாம். எந்தப் பக்கங்கள் அழுக்கேறியிருக்கின்றன, எவை புதிதாகவே இருக்கின்றன என்று பாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, "அம்மா வேதாகமத்தில் பென்சிலால் தேதி போடுவாள்" என்று முதல் வரியை எழுதுங்கள். மீதி வரும்.

அப்புறம், முடிந்தால், உங்கள் எழுத்தோடு அவர் போட்ட முதல் தேதி எது, எந்த வசனத்தில் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.