தம்பி இடித்த காருக்கு, நான் ஓட்டியதாக இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போடலாமா?

போடாதீர்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியதை மறைத்து, நீங்கள் ஓட்டியதாகப் படிவத்தில் எழுதச் சொல்கிறார் ஏஜென்ட். ஆனால் கையெழுத்து உங்களுடையது. வழக்கு வந்தால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318(4), அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, ஏமாற்றிப் பணம் பெற்றால் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் என்கிறது. பணம் கைக்கு வராவிட்டாலும் முயற்சியே குற்றம்தான்.

இதெல்லாம் வெளியே வராது என்று நம்பவேண்டாம். தம்பிக்கு நெற்றியில் தையல் போட்டதாகச் சொல்கிறீர்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) "கார் ஓட்டும்போது விபத்து" என்று அவர் வாயாலேயே சொன்னது இருக்கலாம். சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் சந்தேகப்பட்டால் முதலில் தேடுவது அதையும் பக்கத்துக் கடை கேமராவையும்தான்.

ஒன்றைப் பாருங்கள்: தம்பியிடம் செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) இருந்ததா? எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா? அப்படியென்றால் நடந்ததை நடந்தபடி எழுதியே க்ளெய்ம் கேட்கலாம்.

இல்லையென்றால் காரைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். வலிக்கும், ஆனால் குற்ற வழக்கு அதைவிடப் பெரிய செலவு. படிவம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வக்கீலைப் பார்த்து, எழுத்து மூலமாக உடனே திரும்பப் பெறுங்கள்.

அப்புறம், வேறு யாருக்காவது அடிபட்டிருந்தாலோ தம்பிக்கு 18 வயது ஆகவில்லை என்றாலோ கதை வேறு. 18 வயது ஆகாதவர் ஓட்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-யில் வண்டி உரிமையாளருக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு.