மகஜரில் எண்களை எழுதுமுன்: ஒரு வசனத்தை அட்டவணையோடு சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: நான் மூதூர்ப் பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் செயலாளர். எங்கள் வைத்தியசாலைக்கு ஆளணியைக் கூட்டித் தரும்படி மாகாணச் சுகாதார அமைச்சுக்கு மகஜர் ஒன்று தயாரிக்கிறோம். சங்கத்துப் பிள்ளைகள் அதில் மூன்று வசனங்கள் எழுதியிருக்கிறார்கள். “1981இலிருந்து 2012க்குள் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது.” “மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 139 பேர் வாழ்கிறார்கள்.” “1981–2001 காலத்தைவிட 2001–2012 காலத்தில் சனத்தொகை வேகமாகக் கூடியது.” தொகைமதிப்பு அட்டவணைகளின் பிரதி கையில் இருக்கிறது. வேறொரு கைநூலில் அடர்த்தி 150 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? அட்டவணையைப் போனில் படம் பிடித்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தால் சரி பிழை சொல்லிவிடாதா?

பதில்: மூன்றில் ஒன்று பிழை. ஒன்று சரி, ஆனால் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. மற்றதை உங்கள் கையிலுள்ள அட்டவணையை வைத்துச் சரி என்றோ பிழை என்றோ சொல்லவே முடியாது. மகஜர்கள் அதிகம் அடிபடுவது இந்தக் கடைசி வகையில்தான்.

எந்த வசனமானாலும் முதலில் அதற்குள் இருக்கும் நான்கு விடயங்களின் கீழ் கோடு போடுங்கள்: எந்த இடம், எந்த ஆண்டு, எதை அளக்கிறது, எதோடு ஒப்பிடுகிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே அட்டவணையில் எந்த நிரை, எந்த நிரல் என்று பென்சிலால் எழுதுங்கள். நிரையின் கீழ் ஓர் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு வாசியுங்கள். சின்ன எழுத்தில் இருபது முப்பது நிரைகள் உள்ள பக்கத்தில் கண் ஒரு வரி இறங்குவது யாருக்கும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. குச்சவெளிக்குரிய எண்ணை அடுத்த பிரிவுக்கு எழுதிக் கொடுத்து, அது அச்சாகி வந்த பிறகுதான் கண்டேன்.

முதல் வசனத்துக்கு வருவோம். “திருகோணமலை” என்ற சொல் மூன்று வேறு இடங்களைக் குறிக்கும். 11 பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட முழு மாவட்டம் ஒன்று. அந்த 11இல் ஒன்றான ‘பட்டணமும் சூழலும்’ பிரிவு இன்னொன்று. நகர எல்லை மூன்றாவது. வசனம் மாவட்டம் என்கிறது, ஆகவே மாவட்ட நிரையைத்தான் பார்க்க வேண்டும். 1981இல் 255,948 பேர். 2012இல் 379,541 பேர். பின்னதை முன்னதால் வகுத்தால் 1.48 வருகிறது. அதாவது கூடியது ஏறத்தாழப் பாதியளவு. “ஏறத்தாழ இரட்டிப்பு” என்ற சொல்லுக்கு 1.9 ஆவது வரவேண்டும் என்பது என் கணக்கு. ஆகவே வசனம் பிழை.

ஆனால் பிள்ளைகள் இதை வெறுமனே கற்பனை பண்ணி எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு நிரல் இடப்பக்கம் போய்ப் பாருங்கள். 1971இல் 188,245. அதை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 2012இன் எண் வந்துவிடுகிறது. ஆண்டு ஒரு நிரல் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். “1971இலிருந்து 2012க்குள் இரட்டிப்பானது” என்று திருத்துங்கள், வசனம் நிற்கும். பிழையான வசனம் ஒன்றைக் கண்டால் உடனே வெட்டி எறியாமல், அதற்குப் பக்கத்திலுள்ள கலங்களையும் (அட்டவணைக் கட்டங்களையும்) பார்ப்பது நல்லது. எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்பது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

2012க்கு 378,182 என்ற எண்ணும் உங்கள் கண்ணில் படக்கூடும். அதுவும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்டதுதான். அது முதலில் வந்த எண், 379,541 இறுதி எண். வித்தியாசம் 1,359 பேர். மகஜரின் ஒரு பக்கத்தில் ஒன்றும் மறுபக்கத்தில் மற்றதும் வந்தால், வாசிக்கிற அதிகாரி மீதியையும் சந்தேகப்படுவார். எல்லா இடத்திலும் இறுதி எண்ணையே எழுதுங்கள்.

இரண்டாவது வசனத்தில் 139உம் சரி, 150உம் சரி. வேறுபடுவது பகுதியெண். மாவட்டத்தின் முழுப் பரப்பு 2,727 சதுர கிலோமீற்றர். சனத்தொகையை அதனால் வகுத்தால் 139. கந்தளாய்க் குளம் போன்ற உள்நாட்டு நீர்ப்பரப்புகள் 198 சதுர கிலோமீற்றரைக் கழித்தால் நிலம் 2,529. அதனால் வகுத்தால் 150. குளத்துக்கு நடுவில் எவரும் குடியிருப்பதில்லை, ஆகவே நான் 150ஐத்தான் எழுதுவேன். ஆனால் “நிலப்பரப்பில்” என்ற ஒரு சொல்லையும் சேர்த்து எழுதுவேன். மற்ற மாவட்டத்தோடு ஒப்பிடப் போனால் அங்கும் நிலப்பரப்பையே எடுக்க வேண்டும். சதவீதம், அடர்த்தி, விகிதம் என்று எது வந்தாலும் “எதனால் வகுத்தது?” என்று கேளுங்கள். தேர்தல் முடிவுகளில் கட்சிகளின் சதவீதம் செல்லுபடியான வாக்குகளிலும், வாக்களிப்பு வீதம் பதிவான வாக்காளர் தொகையிலும் கணக்கிடப்படுவது இதே கதைதான்.

மூன்றாவது வசனத்துக்கு 1981, 2001, 2012 என்று மூன்று எண்கள் வேண்டும். இரண்டு ஓரங்களும் இருக்கின்றன, நடு எண் இல்லை. 1991இல் வந்திருக்க வேண்டிய தொகைமதிப்பு யுத்தத்தால் நடக்கவேயில்லை. 2001இல் நடந்தது 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. திருகோணமலையில் பகுதியளவில்தான் எண்ணினார்கள். ஆகவே 2001 நிரலில் எங்கள் மாவட்டத்துக்கு எதிரே ஓர் எண் இருந்தால் அது எண்ணிய பகுதியின் தொகையாகவோ, கணித்துப் போட்ட மதிப்பீடாகவோதான் இருக்கும். எது என்பதை அட்டவணையின் காலடியில் உள்ள சின்னக் குறிப்பு சொல்லும். பகுதித் தொகையை 2012இன் முழுத் தொகையோடு ஒப்பிட்டால், 2001இல் எண்ணப்படாத ஊர்கள் எல்லாம் 2012இல் புதிதாகப் பிறந்த சனம் போலத் தெரியும். அது வளர்ச்சியல்ல.

மூதூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: அந்த 31 வருட இடைவெளிக்குள் இடப்பெயர்வுகள் இருக்கின்றன, கடல் கடந்து போனவர்கள் இருக்கிறார்கள், 2004 டிசம்பர் 26 இருக்கிறது, 2006இல் மூதூரும் சம்பூரும் வெறுமையான நாட்கள் இருக்கின்றன, திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு ஓரங்களிலுள்ள எண்களுக்கு நடுவே ஒரு நேர்கோடு போட்டு “இப்படித்தான் கூடியது” என்று எழுதினால், அத்தனை பேரின் போக்கும் வரவும் இல்லாமலே போய்விடுகிறது. இந்த வசனத்தை எடுத்துவிடுங்கள். பிழை என்பதற்காக அல்ல, இந்த அட்டவணையால் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது என்பதற்காக. வெறுமையான கலமும் கோடு போட்ட கலமும் பூச்சியம் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இனிச் செயலி. அட்டவணையைக் கொண்டு வசனத்தைச் சரிபார்ப்பது கணினி ஆய்வாளர்களும் மினக்கெட்டு ஆராயும் விடயம். 2020இல் வெளிவந்த டேப்ஃபாக்ட் என்ற தரவுத் தொகுப்பில் 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட விக்கிப்பீடியா அட்டவணைகளும், அவற்றைப் பற்றிய 1 லட்சத்து 18 ஆயிரம் வசனங்களும் இருந்தன. ஒரு கலத்தைப் பார்த்தாலே விடை தெரியும் எளிய வசனங்களும், எண்ணிக் கூட்டி ஒப்பிட வேண்டிய சிக்கலான வசனங்களும் அதில் கலந்திருந்தன. அன்றைய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் நூற்றுக்கு 68 அளவில்தான் சரியாகச் சொன்னன. மனிதர்களுக்கே 92 அளவுதான். இன்றைய செயலிகள் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டன. ஆனால் அந்தத் தொகுப்பில் சரி, பிழை என்று இரண்டு விடைகள்தான் இருந்தன. “இந்த அட்டவணையால் சொல்ல முடியாது” என்ற மூன்றாவது விடையை 2021இல் நடந்த ஒரு போட்டியில் தனியாகச் சேர்த்தார்கள். உங்கள் மூன்றாவது வசனத்துக்குத் தேவைப்பட்டது அந்த விடைதான்.

ஆகவே செயலியிடம் “சரியா, பிழையா?” என்று கேட்காதீர்கள். “இந்த வசனத்துக்குத் தேவையான கலங்கள் எவை? ஒவ்வொன்றிலும் உள்ள எண் என்ன? எந்தக் கலம் இல்லை?” என்று கேளுங்கள். அது எழுதித் தரும் எண்களைக் காகிதத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். வகுத்தலைக் கல்குலேட்டரில் போடுங்கள். எங்கள் அரச அட்டவணைகளில் மூன்று மொழித் தலைப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். படத்திலிருந்து வாசிக்கும்போது ஒரு தலைப்பு பக்கத்து நிரலுக்குப் போய்விடலாம். மொத்தம் என்ற நிரையையும் ஒரு பிரிவாக எண்ணி, மாவட்டத்தில் 12 பிரதேச செயலகப் பிரிவுகள் என்று சொல்லவும் கூடும். பழைய எழுத்துருவில் உள்ள பி.டி.எஃப் என்றால் நகலெடுத்து ஒட்டும்போது தமிழ் சிதைந்துவிடும், படமே மேல்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று வசனங்களும் முழு மாவட்டத்தைப் பற்றியவை. உங்கள் கோரிக்கையோ ஒரு வைத்தியசாலையைப் பற்றியது. மாவட்டம் எத்தனை மடங்கு பெருகினாலும், மூதூரில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளர் என்பதை அது காட்டாது. உங்களுக்கு வேண்டியவை மூதூர்ப் பிரதேச செயலகப் பிரிவின் நிரை, வைத்தியசாலையின் வெளிநோயாளர், விடுதி நோயாளர் தொகைகள், அங்கீகரிக்கப்பட்ட ஆளணியும் இப்போது கடமையில் உள்ளவர்களின் தொகையும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் எல்லையும் பிரதேச செயலக எல்லையும் ஒன்றுதானா என்று கேட்டுவிட்டு இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.

2012இன் எண்ணோடு நிற்கவும் வேண்டாம். 2024 தொகைமதிப்பு நடந்து, நாட்டின் சனத்தொகை முதற்கட்ட எண்ணாக 21,763,170 என்று வெளிவந்தது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், புள்ளிவிபரக் கிளைக்குப் போய் உங்கள் பிரிவுக்குரிய புதிய எண்ணைக் கேளுங்கள். கேட்கும்போது அட்டவணை இலக்கத்தையும், அது முதற்கட்ட எண்ணா இறுதி எண்ணா என்பதையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். மகஜரை அனுப்புவதற்கு முந்திய நாள், எழுதியவர் அல்லாத ஒருவர் அட்டவணையை உரக்க வாசிக்க, இன்னொருவர் மகஜரில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.