ஷேடோ டாமுக்குள் இருக்கும் இன்புட் ஃபார்மோடு சேர்ந்து சப்மிட், ரீசெட் ஆக என்ன செய்வது?

சொந்தமாக எழுதிய காம்போனென்டுக்குள் இன்புட் இருக்கிறது. சப்மிட் செய்தால் மதிப்பு போகவில்லை, ரீசெட் அழுத்தினாலும் பழைய எழுத்து அப்படியே நிற்கிறது என்கிறீர்கள். ஷேடோ டாம் என்பது காம்போனென்ட் தன் உள் பாகங்களைப் பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து வைக்கும் தனி அறை. அதற்குள் இருக்கும் இன்புட், வெளியே உள்ள ஃபார்மின் கணக்கிலேயே வராது. அதனால்தான்.

வெளியே ஒரு ஹிட்டன் இன்புட் வைத்துச் சமாளிப்பது பழைய வழி. இப்போது வேண்டியதில்லை. காம்போனென்டின் கிளாஸில் ஸ்டேட்டிக் ஃபார்ம்அசோசியேட்டட் (formAssociated) என்பதை ட்ரூ ஆக்குங்கள். கன்ஸ்ட்ரக்டரில் அட்டாச்இன்டர்னல்ஸ் (attachInternals) அழைத்து, கிடைக்கும் இன்டர்னல்ஸ் ஆப்ஜெக்டை ஒரு ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள்; ஃபார்மோடு பேசுவது அதன் வழியாகத்தான். உள்ளே மதிப்பு மாறும்போதெல்லாம் அதன் செட்ஃபார்ம்வேல்யூவை (setFormValue) அழைத்து, புது மதிப்பை ஃபார்முக்குச் சொல்லுங்கள். உங்கள் டேகில் நேம் ஆட்ரிபியூட் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் எந்த எரரும் வராது, மதிப்பு மட்டும் விடுபட்டுப்போகும். குரோம் 77, ஃபயர்பாக்ஸ் 98, சஃபாரி 16.4 முதல் இது வேலை செய்கிறது.

ரீசெட்டில்தான் கவனம் வேண்டும். ஃபார்ம் ரீசெட் ஆகும்போது பிரவுசர் உங்கள் ஃபார்ம்ரீசெட்கால்பேக்கை அழைக்கும். பலர் அதில் உள் இன்புட்டைக் காலி செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். புரோகிராம் கோடு (code) வழியாக மதிப்பை மாற்றினால் இன்புட் ஈவென்ட் எழாது. ஆகவே செட்ஃபார்ம்வேல்யூவும் ஓடாது. திரையில் பெட்டி காலி, சர்வருக்குப் போவதோ முன்பு டைப் செய்த பெயர்! இது பயனருக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன். மதிப்பை மாற்ற ஒரே ஒரு மெத்தட் வைத்து, டைப் செய்வதும் ரீசெட்டும் அதன் வழியாகவே போகட்டும். காலியாக்காமல், வேல்யூ ஆட்ரிபியூட்டில் உள்ள தொடக்க மதிப்புக்குத் திரும்புங்கள். சாதாரண இன்புட்டும் அதைத்தான் செய்கிறது. மதிப்பு செல்லுமா என்று ஃபார்முக்குச் சொல்லும் செட்வேலிடிட்டியையும் (setValidity) அதே மெத்தடில் மறுபடி அழையுங்கள், ஏனென்றால் கட்டாயம் நிரப்ப வேண்டிய ரெக்வயர்டு பெட்டி ரீசெட்டுக்குப் பின் காலியானால் மீண்டும் செல்லாததாகிவிடும்.

சப்மிட் பட்டனும் ஷேடோவுக்குள் இருந்தால் அது வெளி ஃபார்மை அசைக்காது. கிளிக்கில் இன்டர்னல்ஸ் தரும் ஃபார்மைப் பிடித்து அதன் ரெக்வெஸ்ட்சப்மிட் (requestSubmit) அழையுங்கள். வெறும் சப்மிட் மெத்தட் வேண்டாம். அது சரிபார்ப்பையும் சப்மிட் ஈவென்டையும் தாண்டிப் போய்விடும்.

இன்னொன்று: ஃபார்மின் ரீசெட் ஈவென்ட், மதிப்புகள் மாறுவதற்கு முன்பே எழுகிறது. அந்த லிசனருக்குள் மதிப்பைப் படித்தால் பழையதுதான் கிடைக்கும்.