மாம்பழ ஐஸ்க்ரீம் ஏன் பாறையாகிறது?

கேள்வி: நீல பாக்கெட் பால் அரை லிட்டர், மாம்பழக் கூழ் இரண்டு கப், சர்க்கரை நான்கு டேபிள்ஸ்பூன். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் கரண்டி வளைந்ததுதான் மிச்சம். வாயில் போட்டால் ஐஸ் நறநறவென்கிறது. மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால் இனிப்பைக் குறைத்துத்தான் போட்டேன். அடுத்த வாரம் அன்னாசியில் செய்தேன், ஒரே கசப்பு. ஐஸ்க்ரீம் பதமாக வரச் சேர்க்கிறார்களே, அந்த ஜி.எம்.எஸ்., சி.எம்.சி. பவுடர் இல்லாமல் வீட்டில் ஐஸ்க்ரீம் வராதா? பேசாமல் மெஷின் வாங்கிவிடலாமா?
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்:

மெஷினுக்குக் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கரண்டியை வளைத்தது தண்ணீர்.

நீங்கள் போட்டதை எடை போட்டுப் பார்த்தேன். நீல பாக்கெட் என்பது டோன்டு பால். கொழுப்பு 3 சதவீதம், மற்ற சத்துகள் 8.5 சதவீதம், மீதி முழுக்கத் தண்ணீர். மாம்பழக் கூழிலும் நூற்றில் 83 பங்கு தண்ணீர்தான். நான்கு டேபிள்ஸ்பூன் சர்க்கரையை 60 கிராம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் டப்பாவில் ஏறக்குறைய 1,075 கிராம் கலவை இருந்திருக்கும். அதில் 870 கிராம் தண்ணீர், அதாவது 81 சதவீதம். கொழுப்பு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. இதை ஃப்ரீசரில் வைத்தால் மாம்பழ மணமுள்ள ஐஸ்கட்டிதான் வரும். குச்சி செருகியிருந்தால் குழந்தைகள் குச்சி ஐஸ் என்று சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, வெறுமனே ஐஸ்க்ரீம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். தண்ணீர் நீங்கலான திடப்பொருள் 36 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டால் அதற்கு ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் பெயர். அடுத்த முறை கடையில் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், நாம் ஐஸ்க்ரீம் என்று நினைத்து வாங்குவதில் எத்தனை அப்படி என்று தெரியும். நமக்கு வேண்டிய எண் அந்த 36. அதாவது, தண்ணீர் 64 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் லேப் வைத்துப் பார்க்க முடியாது, ஆனால் ஒரு கிச்சன் தராசும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் போதும்.

அடுத்தது சர்க்கரை. மாமனாரை நினைத்துக் குறைத்தீர்கள், சரி. ஆனால் ஐஸ்க்ரீமில் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீரில் கரைந்து நின்று, அதை 0 டிகிரியில் உறைய விடாமல் தடுக்கிறது. ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி இருந்தாலும், நல்ல ஐஸ்க்ரீமில் ஒரு பங்கு தண்ணீர் உறையாமல் கெட்டிப் பாகாக நிற்கும். கரண்டி இறங்குவது அந்தப் பாகினால்தான். சர்க்கரையைக் குறைத்தால் பாகு குறையும், ஐஸ் கூடும். சுக்ரலோஸ், ஸ்டீவியா மாதிரி மாற்று இனிப்புகளைக் கொஞ்சூண்டுதான் போடுகிறோம். இனிப்பு வந்துவிடும், உறைவதைத் தடுக்கும் அளவுக்குப் பொருள் இருக்காது. அதனால் அதில் செய்தால் இன்னும் கல்லாகும். மாமனாருக்கு அவருடைய டாக்டர் அனுமதித்தால், ஒழுங்காகச் செய்த ஐஸ்க்ரீமில் சின்னதாக ஒரு கரண்டி கொடுங்கள். அவருக்காக எல்லோருடைய ஐஸ்க்ரீமையும் பாறையாக்க வேண்டாம்.

மூன்றாவது, உறையும் வேகம். மெதுவாக உறைந்தால் ஐஸ் துகள்கள் சிலவாகவும் பெரிதாகவும் வளரும், சீக்கிரம் உறைந்தால் நிறையவும் சின்னதாகவும் இருக்கும். ஏறத்தாழ 50 மைக்ரானுக்கு மேல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால், நாக்கு அதை நறநறப்பு என்று கண்டுபிடித்துவிடும். உறைய உறையக் கிளறிக்கொண்டே இருந்தால் துகள் பெரிதாக வழியில்லை, காற்றும் உள்ளே போகும். மெஷின் செய்வது இவ்வளவுதான். கடை ஐஸ்க்ரீம் ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படியென்றால் நாம் கொடுக்கிற காசில் கிட்டத்தட்ட பாதி இடம் காற்றுக்குப் போகலாம்!

சரி, இப்போது அதே மாம்பழத்தைத் திருத்திச் செய்வோம். ஃபுல் க்ரீம் பால் அரை லிட்டர் (ஆவினில் ஆரஞ்சு பாக்கெட், கொழுப்பு 6 சதவீதம்), மாம்பழக் கூழ் அரை கிலோ, சர்க்கரை 90 கிராம், பால் பவுடர் 30 கிராம், சோள மாவு ஒரு டேபிள்ஸ்பூன், 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீம் 200 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. பங்கனப்பள்ளியோ இமாம் பசந்தோ நல்லது. நார்ப் பழமாக இருந்தால் கூழை வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்லில் மாட்டும்.

முதல் நாள் மாலையே தொடங்குங்கள். பாலில் அரை டம்ளரைக் காய்ச்சாமல் தனியே எடுத்து, அதில் பால் பவுடரையும் சோள மாவையும் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். மீதிப் பாலை அடிகனமான பாத்திரத்தில் நிதானமாகச் சுண்டக் காய்ச்சுங்கள். எடுத்து வைத்ததையும் சேர்த்து 300 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். ஓரத்தில் படியும் ஆடையை வழித்து உள்ளேயே விடுங்கள். பிறகு சர்க்கரையும் உப்பும் போட்டு, கரைத்த மாவுப் பாலை ஊற்றி, கொதி வந்த பின் இரண்டு நிமிடம் கிளறுங்கள். மாவு முழுக்க வெந்தால்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அரைகுறையாக வெந்தால் நாக்கில் மாவு வாடைதான் நிற்கும்.

கூழில் 400 கிராமை வாணலியில் போட்டு, சிறு தீயில் பாதியாகும் வரை கிளறுங்கள். ஜாம் பதத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட வேண்டும். மீதி 100 கிராமை அடுப்பில் ஏற்றாதீர்கள். மாம்பழத்தின் வாசனை சூட்டில் ஓடிவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவரத்தான் அந்தப் பச்சைக் கூழ். பாலும் கூழும் ஆறிய பிறகு தனித்தனியாக மூடி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் இல்லை, கீழே. அந்த நேரத்தில் கொழுப்பு இறுகும், பால் புரதம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலைகளிலும் கலவையை இப்படிச் சில மணி நேரம் குளிரில் வைத்த பிறகுதான் உறைய விடுவார்கள். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. பவுடர்களைவிட இதற்குப் பலன் அதிகம் என்பேன்.

மறுநாள் பாலையும் சுண்டிய கூழையும் பச்சைக் கூழையும் கலந்து அகலமான, தட்டையான ஸ்டீல் டப்பாவில் ஊற்றுங்கள். உயரமான டப்பாவில் நடுப்பகுதி உறைய நாழியாகும். ஃப்ரீசரை இரண்டு மணி நேரம் முன்பே அதிகக் குளிருக்குத் திருப்பிவிடுங்கள், மிக்ஸி ஜாரையும் உள்ளே வையுங்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் ஓரம் கெட்டியாகி, நடுவில் கூழாக இருக்கும். அதுதான் சமயம். கத்தியால் துண்டாக்கி மிக்ஸியில் போட்டு, ஜில்லென்ற க்ரீமை ஊற்றி, விட்டு விட்டு அரை நிமிடம் அடியுங்கள். அதற்கு மேல் போனால் வெண்ணெய் திரளும். நான் ஒரு தடவை ஆசையாக அடித்து, ஐஸ்க்ரீமுக்குப் பதில் மஞ்சள் வெண்ணெயும் மோரும் எடுத்திருக்கிறேன். மறுபடி டப்பாவில் ஊற்றி, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முள்கரண்டியால் அழுத்தி அடித்துக் கலக்கி, மேற்பரப்பில் ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி, எட்டு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். இந்தக் கலவையில் தண்ணீர் 63 சதவீதத்துக்குள்தான் நிற்கும். கொழுப்பு 9 சதவீதத்தை ஒட்டி வரும். கடை ஐஸ்க்ரீம் அளவுக்குப் பொங்கி வராது, கொஞ்சம் கனமாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

பவுடர் விஷயம். ஜி.எம்.எஸ். கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும், அடிக்கும்போது காற்றைப் பிடிக்கும். சி.எம்.சி. தண்ணீரைக் கெட்டியாக்கித் துகள் வளர விடாது. கடை டப்பாவில் 471, 466 என்று அச்சிட்டிருப்பது இவைதான். விஷம் இல்லை, கட்டாயமும் இல்லை. உங்களுக்குப் பொங்கி நிற்கிற பதம் வேண்டுமென்றால், அரை லிட்டர் பாலுக்கு ஜி.எம்.எஸ். ஒரு டேபிள்ஸ்பூனைத் தாண்ட வேண்டாம், சி.எம்.சி. ஒரு சிட்டிகை போதும். இரண்டையும் பாலோடு சேர்த்துக் காய்ச்ச வேண்டும். சி.எம்.சி.யைச் சர்க்கரையோடு கலந்து தூவாவிட்டால் கட்டி கட்டியாகிவிடும். ஆனால் தண்ணீர்ப் பாலில் பவுடரைக் கொட்டி ஐஸ்க்ரீம் ஆக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அன்னாசி கசந்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை உடைக்கும், உடைந்த துண்டுகள்தான் கசக்கின்றன. பழத்தைச் சர்க்கரையோடு நன்றாக வேகவைத்துவிட்டால் நொதி செத்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடேற்றியதுதான் என்பதால் பிரச்சினை வராது. பப்பாளியிலும் இதே கதை. வேகவைத்த அன்னாசியானாலும் ஆறிய பாலில்தான் சேர்க்க வேண்டும், சூட்டில் சேர்த்தால் புளிப்பில் பால் திரிந்துவிடும். கருப்பட்டிக்கும் வெல்லத்துக்கும் அதே எச்சரிக்கை. பாகு காய்ச்சி வடிகட்டி, பாலும் பாகும் ஆறிய பிறகு சேருங்கள். கருப்பட்டி ஐஸ்க்ரீம் சர்க்கரையில் செய்வதைவிட ஒரு மாற்று மென்மையாகவே வரும்.

இளநீர் ஐஸ்க்ரீம் என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. இளநீரில் 95 சதவீதம் தண்ணீர், அதை ஊற்றினால் திரும்பவும் பாறைதான். வழுக்கையை மட்டும் அரைத்து, சுண்டிய பாலில் சேர்த்து, கொஞ்சத்தைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் கலக்குங்கள். நுங்கை உள்ளே போடவே வேண்டாம், உறைந்தால் கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடும். பரிமாறும்போது மேலே வையுங்கள். சீத்தாப்பழத்தை வேகவைக்காதீர்கள், சில பழங்களில் கசப்பு வந்துவிடும். விதையை நீக்கி அப்படியே சேர்த்துவிடலாம். பலாப்பழத்தைத் துண்டாகப் போட்டால் சவ்வு மாதிரி இழுக்கும், அரைத்துப் போடுங்கள்.

இத்தனை தடவை அடிப்பதற்குப் பொறுமை இல்லையென்றால் குல்ஃபி செய்யுங்கள். ஃபுல் க்ரீம் பால் ஒரு லிட்டரை 400 கிராமாகச் சுண்டவைத்து, 60 கிராம் சர்க்கரை, ஏலக்காய், பொடித்த பாதாம் போட்டு டம்ளர்களில் ஊற்றி உறையவிட்டால் முடிந்தது. குல்ஃபியில் காற்று வேண்டியதில்லை, அது கெட்டியாக இருப்பதுதான் லட்சணம். ஆனால் 400-க்குக் கீழே போகாதீர்கள். பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரை (லாக்டோஸ்) படிந்து மணல் மாதிரி நெருடும். பால் பவுடரை அள்ளிப் போட்டாலும் அப்படித்தான்.

கடைசியாக மெஷின். வீடுகளுக்கு விற்பதில் விலை குறைந்த ரகத்தில், கிண்ணத்தை முந்தைய நாளே ஃப்ரீசரில் வைத்து உறையவைக்க வேண்டும். உங்கள் ஃப்ரிட்ஜ் பழைய ஒற்றைக் கதவு ரகமாக இருந்தால் அந்தக் கிண்ணம் சரியாக உறையாது, மெஷின் பரணுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட ஃப்ரிட்ஜ் உள்ளவர்களுக்குப் பழைய வழியே மேல். ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு போட்டுக் கலந்து, நடுவில் குளிர்ந்த கலவையை ஊற்றிய தூக்குவாளியை இறுக மூடி வையுங்கள். உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். தூக்கைத் திருகிக்கொண்டே இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, மரக்கரண்டியால் ஓரத்தை வழித்துவிட்டால் அரை மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக மெத்தென்ற ஐஸ்க்ரீம் வந்துவிடும். திறக்கும்போது மூடியைத் துடைத்துவிட்டுத் திறங்கள், உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் போச்சு. உப்பு ஐஸில் வெறும் கையை வைக்கக் கூடாது, தோலைச் சுட்ட மாதிரி ஆக்கிவிடும். குழந்தைகளிடம் வேலையைக் கொடுத்தால் வாளியைச் சுற்றித் துணி கட்டிக் கொடுங்கள்.

செய்ததைப் பத்து நாளைக்குள் காலி செய்யுங்கள். கரண்ட் போய் இளகி மறுபடி உறைந்தால் துகள்கள் பெரிதாகிவிடும், ருசி போகும். முழுக்க உருகி வெளிச்சூட்டுக்கு வந்துவிட்டால் திரும்ப உறையவைக்காதீர்கள், கிருமி பெருக அந்த நேரமே போதும். அரைகுறையாக இளகியிருந்தால், ஜில்லென்று இருக்கும்போதே மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மில்க் ஷேக்காகக் குடித்துவிடுங்கள்.