ஸ்டார் ஒட்டினால் அன்பு வருமா? தொடக்கப்பள்ளி பற்றிய கேள்வி பதில்

தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். இப்போது புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். குழந்தைகளிடம் அன்பையும், ‘இது நம்ம பள்ளிக்கூடம்’ என்ற எண்ணத்தையும் வளர்ப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியை: யாராவது உதவி செய்தால் சார்ட்டில் ஸ்டார் ஒட்டுகிறேன். முதலில் நன்றாகப் போனது. இப்போது கீழே விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டுக்கூட “மிஸ், ஸ்டார்?” என்று வந்து நிற்கிறார்கள்.

உங்கள் வகுப்பில் மட்டும் இல்லை, எங்கே ஸ்டார் ஒட்டினாலும் இதுதான் நடக்கும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று சொல்லி, கொடுக்கவும் செய்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். உதவி செய்வதிலும் இதே கதைதான். 2008-இல் வார்னெகன், டொமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 20 மாதக் குழந்தைகளைப் பார்த்தார்கள். கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்ததற்குப் பரிசு வாங்கிய குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவினார்கள். பாராட்டு மட்டும் பெற்றவர்களும், எதுவுமே பெறாதவர்களும் வழக்கம்போல உதவிக்கொண்டிருந்தார்கள். பேச்சே சரியாக வராத வயதில் தானாக எழுந்து வந்து உதவும் பிள்ளைக்கு நாம்தான் கூலி வாங்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

அதற்காக நாளைக் காலையிலேயே சார்ட்டைக் கிழித்துவிடாதீர்கள், அழுகை வரும். மாதம் முடிந்ததும் “இந்தச் சார்ட் நிறைந்துவிட்டது” என்று சொல்லி எடுத்துவிடுங்கள், புதியது மாட்ட வேண்டாம். இனிமேல் “வெரி குட்” என்பதோடு நிறுத்தாமல், செய்த உதவியால் என்ன ஆனது என்பதைச் சொல்லுங்கள்: “நீ பென்சில் கொடுத்ததாலதான் அவ கணக்கை முடிச்சா.” குழந்தையின் பார்வை உங்களிடமிருந்து அந்த இன்னொரு பிள்ளையின் பக்கம் திரும்பும். நமக்கு வேண்டியது அதுதான்.

நான்காம் வகுப்புப் பையனின் அப்பா: மகன்தான் வகுப்பு லீடர். டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து “யாரும் என்கூட விளையாட வர மாட்டேங்கிறாங்க” என்கிறான்.

ஒன்பது வயதுப் பிள்ளையைப் போலீஸ் ஆக்கினால் வேறென்ன நடக்கும்? இந்தப் பெயர் எழுதும் பழக்கத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். வகுப்பில் ஒருவனுக்குப் பெரிய பதவி தருவதைவிட எல்லோருக்கும் சின்ன வேலை தருவது நல்லது. நோட்டுகளைக் கொடுப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஃபேன் லைட்டை அணைப்பது, அன்று வராத பிள்ளைக்காக வீட்டுப்பாடத்தை எழுதி வைப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலை மாறட்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த வேலையைச் செய்யாவிட்டால் யாருக்காவது உண்மையிலேயே சிரமம் இருக்க வேண்டும். ஒப்புக்கு ஒரு வேலை கொடுத்தால் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வகுப்பிலேயே அதிகம் சேட்டை செய்யும் பையனிடம், வராதவனுக்கு வீட்டுப்பாடம் எழுதி வைக்கும் வேலையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் டீச்சரிடம். மறுநாள் வாசலிலேயே நின்று “உனக்கு எழுதி வெச்சிருக்கேன்டா” என்று அவன் பேப்பரை நீட்டுவதைப் பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமியின் அம்மா: இடைவேளையில் என் மகள் தனியாகத்தான் நிற்கிறாள். “நானும் வரட்டுமா?” என்று கேட்டால் “ஆள் போதும்” என்கிறார்கள். டீச்சர் “அவளையும் சேர்த்துக்கோங்க” என்று சொன்னால் அன்று ஒரு நாள் மட்டும் சேர்க்கிறார்கள்.

இந்தக் கேள்விதான் நிறையப் பேரிடமிருந்து வந்தது. டீச்சர் சொல்லிச் சேர்ப்பது ஏன் ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை என்றால், அன்று உங்கள் மகள் அவர்களுக்குத் தோழி இல்லை, டீச்சரின் உத்தரவு.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. “வரட்டுமா?” என்று கேட்டால் “வேணாம்” என்று சொல்வது சுலபம். எளிதாகச் சேர்ந்துகொள்ளும் குழந்தைகள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று ஆட்டத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஆட்டத்துக்குப் பொருத்தமாக ஏதாவது செய்வார்கள். பந்து வெளியே போனால் ஓடிப்போய் எடுத்துத் தருவது, கடை வைத்து விளையாடினால் வாங்க வந்தவள்போலப் போய் “இது என்ன விலை?” என்று கேட்பது. ஆட்டத்தை நிறுத்தி விதியை மாற்றச் சொன்னாலோ, தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ கதவு மூடிவிடும். இதை மகளோடு வீட்டில் விளையாட்டாகவே பழகிப் பாருங்கள். நீங்கள் கடைக்காரர், அவள் வாடிக்கையாளர்.

ஆசிரியருக்கு ஒரு வார்த்தை. தனியாக நிற்கும் குழந்தையோடு நட்பாக இருங்கள் என்று வகுப்பு முன்னால் பேசவே வேண்டாம். அந்தக் குழந்தைக்கு அதைவிட அவமானம் இல்லை. ஆள் கணக்கு இல்லாத ஆட்டங்களை, ஓடிப்பிடிப்பது, கண்ணாமூச்சி போன்றவற்றை, இடைவேளையின் முதல் ஐந்து நிமிடம் நீங்களே தொடங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் வாரம் மூன்று நல்ல காரியம் என்று நான்கு வாரம் செய்யச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. நல்ல காரியம் செய்த பிள்ளைகளைத் தங்களுடன் சேர்த்துக்கொள்ள வகுப்புத் தோழர்கள் முன்பைவிட அதிகமாக விரும்பினார்கள். ஆகவே, தனியாக நிற்கும் பிள்ளை உதவி பெறுபவளாக மட்டுமே இருக்கக் கூடாது. உதவி செய்யும் இடத்திலும் அவளை வையுங்கள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்: வகுப்பு இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து கிடக்கிறது. எல்லோரையும் ஒன்றாகப் படம் பார்க்க வைத்தேன், ஒன்றாகச் சாப்பிட வைத்தேன். சண்டைதான் அதிகமானது.

1954-இல் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் பார்த்ததும் இதேதான், சார். இரண்டு குழுவாகப் போட்டியிட்ட 11 வயதுப் பையன்களை ஒன்றாகச் சாப்பிட உட்கார வைத்தால் சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர் வருவது நின்று, எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் சரியாகும் என்ற நிலை வந்தபோதுதான் மெல்ல மெல்ல ஒட்டினார்கள். பக்கத்தில் உட்கார வைப்பது போதாது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு நடக்காது என்ற வேலை வேண்டும்.

வகுப்பறைக்குள் அதைச் செய்யும் வழியை எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் உருவாக்கினார். நீர்ச் சுழற்சி பாடம் என்று வையுங்கள். ஆவியாதல், மேகம் உருவாதல், மழை, நிலத்தடி நீர் என நான்காகப் பிரியுங்கள். கோஷ்டி கலந்து நான்கு நான்கு பேராக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு பகுதி மட்டும் கொடுங்கள். மற்ற மூன்றையும் நண்பர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். தேர்வில் நான்கும் வரும். படிக்கத் திணறும் பிள்ளை என்ன செய்யும் என்ற பயம் வரும். அதனால் குழுவிடம் சொல்வதற்கு முன், ஒரே பகுதியை வைத்திருக்கும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒத்திகை பார்க்க விடுங்கள். இந்த நடுப்படியைச் செய்யாமல் விட்டுவிட்டால் முறையே கெட்டுப்போகும். முதல் வாரம் கூச்சல்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதோடு, கோஷ்டிக்கு எதிர்க்கோஷ்டி என்று போட்டி வைப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

ஒரு பெற்றோர்: ஒருவனைச் சிலர் கேலி செய்யும்போது மற்ற குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்களாம். என் மகனும் அப்படித்தான்.

டொரோண்டோவில் விளையாட்டு மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. சீண்டல் நடந்தபோது வேறு குழந்தைகள் குறுக்கிட்டது 19 சதவீதம்தான். ஆனால் குறுக்கிட்டவற்றில் 57 சதவீதத்தில் பத்தே வினாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. குழந்தைகளிடம் இவ்வளவு பலம் இருக்கிறது. ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் பள்ளிகளில் சீண்டலைத் தடுக்க உருவாக்கிய ‘கிவா’ திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றுவதில்தான் குறியாக இருக்கிறது.

மகனிடம் கேலி செய்கிறவனை எதிர்க்கச் சொல்லாதீர்கள். கேலிக்கு ஆளானவன் பக்கத்தில் போய் “வாடா, நாம அங்க போலாம்” என்று கூட்டிக்கொண்டு வந்தால் போதும். பயமாக இருந்தால் நேரே டீச்சரிடம் போகட்டும். அது கோள் சொல்வது ஆகாது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சண்டை போட்டவர்களை “சாரி” சொல்ல வைத்துக் கைகொடுக்கச் சொல்வது சரியா?

அந்த சாரி நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. “இப்ப என்ன செஞ்சா சரியாகும்?” என்று கேளுங்கள். கிழிந்த நோட்டை ஒட்டித் தரலாம், கலைத்த கோபுரத்தைச் சேர்ந்து கட்டலாம்.

அன்பு வாரம் கொண்டாடலாமா?

தாராளமாக. அடுத்த திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கொண்டாடுங்கள்.

ஒரு தலைமையாசிரியர்: எல்லாம் செய்தாகிவிட்டது, போஸ்டர்கூட ஒட்டியிருக்கிறோம். மாற்றமே இல்லை.

உங்கள் பள்ளியில் வகுப்பைப் பெருக்கும் அம்மாவை ஆசிரியர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். “ஏய், இங்க குப்பை கிடக்கு பாரு” என்றால் போஸ்டரில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளைகள் படிப்பது அந்த ‘ஏய்’யைத்தான். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதும் அப்படித்தான். ஸ்டாஃப் ரூம் கதவு மூடியிருந்தாலும் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்.

ஒரு அம்மா: இப்படி இளகின மனசாக வளர்த்தால் ஏமாந்துவிட மாட்டானா? ரப்பர், ஸ்கெட்ச் எல்லாம் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வருகிறான்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் கொடுக்கிறானா, பிரியப்பட்டுக் கொடுக்கிறானா என்று முதலில் பாருங்கள். பயந்து கொடுப்பதை அன்பு என்று நாம் பாராட்டிவிடக் கூடாது. “நான் எழுதி முடிச்சிட்டுத் தரேன்”, “தரேன், ஆனா பெல் அடிக்கிறதுக்குள்ள திருப்பிக் கொடு” என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லிப் பழக்குங்கள். ஒரு வாரம் கழித்தும் பெட்டி காலியாகவே வந்தால் டீச்சரிடம் பேசுங்கள். யாரோ மிரட்டி வாங்குகிறார்களோ என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.