ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன் ஆனபோது புதுக்கோட்டை மட்டும் எப்படிச் சமஸ்தானமாக நீடித்தது?

"கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த கூலி" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1799-ல் திருக்களம்பூர்க் காட்டில் புதுக்கோட்டை மன்னர் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கும்பினியிடம் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) ஒப்படைத்தது உண்மை. அந்தப் பழியை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காரணம் அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. 1750-களில் திருச்சிக் கோட்டையைச் சந்தா சாகிபும், பின்னர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளும் வளைத்தபோது, உள்ளே இருந்த கும்பினிப் படை சாப்பிட்டது பெரும்பாலும் தொண்டைமான் சீமையிலிருந்து போன தானியத்தைத்தான்.

பலன் 1803-ல் தெரிந்தது. ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் நிரந்தர ஜமீன் சனது (உரிமைப் பத்திரம்) வந்தது: வருஷா வருஷம் பேஷ்குஷ் என்ற கப்பம், பாக்கி விழுந்தால் ஏலம். புதுக்கோட்டைக்குப் பேஷ்குஷே கிடையாது. போதாததற்கு, தொண்டைமான் கேட்ட கீழாநிலைக்கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் கிடைத்தன. 1806-ல் கும்பினியின் லண்டன் இயக்குநர்கள் அதை உறுதி செய்தபோது போட்ட நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை: சீமையைப் பராதீனம் செய்யக்கூடாது (பிறருக்குக் கைமாற்றக்கூடாது), குடிகளைக் கொடுமைப்படுத்துவதாக நிரூபணமானால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு யானை கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-ல் அதை முறைப்படி தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

வாரிசுச் சிக்கலுக்கு, தத்தெடுக்கும் உரிமை தந்த 1862 சுவீகார சனது வழிவிட்டது. 1886-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவர், முந்தைய மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன்; அவரைத்தான் தாத்தா சுவீகாரம் எடுத்தார். நிஜமான ஆபத்து கடனால் வந்தது. வரவுக்கு மீறிய செலவுக்காக 1859-ல் ராமச்சந்திரரின் மரியாதைப் பட்டத்தையே ஆங்கில அரசு நிறுத்தி வைத்தது. 1878-ல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரிதான் நிர்வாகத்தை நிமிர்த்தினார். 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேரும்வரை சமஸ்தானம் நீடித்தது.

இந்தத் தனி அந்தஸ்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் அம்மன் காசைப் பாருங்கள். சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு அணாவுக்கு 20, ரூபாய்க்கு 320. காலணா என்றால் 5 காசு. நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்ததும் இதைத்தான். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் தொண்டைமான்களின் குலதெய்வம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்தவை சீரான வட்டம். பழையவை கோணலாக, உருவம் பாதி வெளியே போய் இருக்கும். எழுத்தைக் காட்டி விஜயநகரக் காசு என்று யாராவது விலை சொன்னால் வாங்கிவிடாதீர்கள்.